தார்மோவின் ஐந்தாவது பிக்கப்

அந்த வருடத்தில் மட்டும் தார்மோ தன் கிட்டாருக்கு நான்கு முறை பிக்கப் மாற்றியிருந்தான். ஐந்தாவது, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை தபாலில் வந்தது. மெர்வி காபி போட்டுக்கொண்டிருக்கும்போதே சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து, கிட்டாரைக் கிடத்தி, ஆறு கம்பிகளையும் கழற்றிவிட்டான்.

"அதுல நாம சாப்பிடணும் தார்மோ," என்றாள் மெர்வி.

அவன் நிமிரவில்லை. அவள் மேஜையைச் சுற்றி வந்து, அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, அதையே திரும்பச் சொன்னாள்.

"பத்து நிமிஷம்," என்றான் அவன். "இது வேற மாதிரிப் பிக்கப். இதுல மெழுகே ஊத்தல. மெழுகு ஊத்தினா சத்தம் மழுங்கிடும்."

பார்க்கப்போனால் அது சோப்புக்கட்டி அளவுகூட இல்லை. உள்ளே ஒரு காந்தம். அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. கிட்டார் கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவற்றின் நடுக்கத்தை முதலில் வாங்குவது அதுதான். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப், ஒலிபெருக்கி எல்லாம் அதற்குப் பிறகு. சாதுவாக வாசிக்கிறவனுக்கு எந்தப் பிக்கப்பும் ஒருமாதிரி ஒத்துப்போகும். டிஸ்டார்ஷனில் வாசிக்கிறவன் கதை வேறு. ஆம்பைத் தாங்கமுடியாத அளவுக்குத் திணறடித்து, சத்தம் உடைந்து உறுமும்படி செய்கிறபோது, பிக்கப்பின் சின்னக் குறையும் பூதாகரமாக வெளியே வரும். செம்புச் சுற்று அதிகமானால் அடிச்சத்தம் சேறாகக் குழையும். காந்தம் கடுமையானால் மேல்சத்தம் ஊசியாகக் குத்தும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில், பின்லாந்தின் வடகோடியில் இருக்கிற கெமி ஊரிலேயே தார்மோவை விட்டால் ஆளில்லை என்று ஒருகாலத்தில் பேச்சு.

தார்மோவின் இசைக்குழுவுக்கு ஹல்லவூசி என்று பெயர். பனி விழுந்து பயிர் கருகிப்போகிற பஞ்ச வருடத்தை அப்பகுதியில் அப்படிச் சொல்வார்கள். இருபது வயதில் ஆரம்பித்தார்கள். இப்போது தார்மோவுக்கு நாற்பத்து மூன்று. இன்னொரு கிட்டாரும் குரலும் அஸ்கோ, மெர்வியின் தம்பி. டிரம்ஸ் பெர்த்து, நகரசபையில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். பாஸ் வாசிக்கும் ரைனே வாயைத் திறந்து பேசியதை யாரும் அதிகம் கண்டதில்லை. பாட்டு எழுதுவது அஸ்கோ என்றால், சத்தம் எப்படி இருக்கவேண்டும் என்று முடிவு செய்வது தார்மோ. எந்தப் பிக்கப், எந்த ஆம்ப், எந்தத் திருகு எவ்வளவு என்பதில் இருபத்து மூன்று வருடமாக அவன் சொன்னதுதான் சட்டம். பெர்த்துவின் டிரம்ஸ் தோலைக்கூட அவன்தான் இறுக்கிக் கொடுப்பான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் ஒன்றரை வருடமாக எந்தச் சத்தமும் பிடிக்கவில்லை. ஆம்புக்குக் கம்பளி போர்த்தியதுபோல இருந்தது. முதலில் ஒயரைச் சந்தேகப்பட்டான். பிறகு ஆம்பின் வால்வுகளை மாற்றினான். பிறகு ஒலிபெருக்கி. கடைசியில் பழி பிக்கப்பின் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றையும் முன்னதைவிடக் கூர்மையானதாகப் பார்த்து வாங்கினான். ஒவ்வொன்றும் ஒரு வாரம் நன்றாக இருப்பதுபோல இருந்து, பிறகு மங்கியது.

இந்த முறை தப்பக்கூடாது. ஔலு நகரத்துச் சின்னக் கம்பெனி ஒன்று அவர்கள் பாட்டை ஆல்பமாகப் போட முன்வந்திருந்தது. அக்டோபரில் ஒன்பது நாள் ஸ்டூடியோ. இருபத்து மூன்று வருடத்தில் முதல்முறை.

அன்று மாலை ஒத்திகைக்குப் போனார்கள். அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடியில், போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்காகக் கட்டிய பதுங்கறைதான் அவர்கள் இடம். போர் வராததால் குடியிருப்போர் சங்கம் அதை அவர்களுக்கு விட்டிருந்தது. இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, தார்மோ புதுப் பிக்கப்போடு கிட்டாரை ஆம்பில் சொருகினான். ஆம்பை உச்சத்துக்கு ஏற்றி, தடித்த கம்பியை ஓங்கி அடித்தான்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. உறுமல் நெஞ்சில் வந்து மோதியது. ஓரம் கொஞ்சம் கூர்மையாகக்கூடத் தெரிந்தது. சிரித்தபடி திரும்பினால், பெர்த்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். அஸ்கோ ஓடிவந்து ஆம்பை அணைத்தான்.

"என்னடா?" என்றான் தார்மோ.

"என்னடாவா? காதுல ஆணி அடிச்சுட்டு என்னடாங்கறே!" என்றான் பெர்த்து. "எங்க சித்தப்பா வீட்டுப் பன்னியைக் கிறிஸ்துமஸுக்கு அறுக்கும்போதுகூட இப்படிக் கத்தல."

"எது கத்துச்சு?"

"அந்தக் கீச்சு, மச்சான்," என்றான் அஸ்கோ. "நீ கையை எடுத்தப்புறமும் நிக்காமக் கத்திட்டே இருந்துச்சே. மெழுகு ஊத்தாத பிக்கப் இவ்வளவு டிஸ்டார்ஷனுக்குத் தாங்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான்."

தார்மோ மூன்று பேர் முகத்தையும் பார்த்தான். கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தான். அவனுக்கு எந்தக் கீச்சும் கேட்கவில்லை.

"கொஞ்சம் இருக்கு. அதுதான் அழகு," என்றான். "உங்களுக்குப் பஞ்சு மெத்தையில படுத்த மாதிரி இருக்கணும். அதுக்குக் கல்யாண டான்ஸுக்கு வால்ட்ஸ் வாசிக்கப் போங்கடா, கிழடுங்களா."

"மச்சான், என் பழைய பிக்கப் ஒண்ணு சும்மாதான் கிடக்கு. தொண்ணூத்தி எட்டுல நீயே எனக்குப் போட்டுக் கொடுத்தது. இப்போதைக்கு அதைப் போட்டு..."

"அது செத்த பிக்கப். கேட்டாலே தூக்கம் வருது."

ரைனே பாஸ் கிட்டாரை மெல்லக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, சிகரெட் பிடிக்க வெளியே போனான். அவன் அப்படிப் பாதியில் போனது அதுதான் முதல் தடவை. போகட்டும் என்று விட்டுவிட்டான் தார்மோ. ஆல்பம் வருகிற நேரத்தில் எல்லாருக்கும் பயம் பிடித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கடைசியில் பெர்த்துவும் அஸ்கோவும்தான் இறங்கிவந்தார்கள். கீச்சை மட்டுமாவது அடக்கு என்று கெஞ்சி, அவன் பிக்கப்பை மெழுகில் முக்கச் சம்மதிக்க வைத்தார்கள். மெர்வியின் பால் காய்ச்சும் பாத்திரத்தில் மெழுகுவர்த்தியை உருக்கி முக்கினான். மழுங்கியதை ஈடுகட்ட, பிக்கப்பைக் கம்பிகளுக்கு எவ்வளவு நெருக்கமாக உயர்த்தமுடியுமோ அவ்வளவு உயர்த்தினான். மேல்சத்தத் திருகை முழுதாகத் திறந்து வைத்தான்.

அக்டோபரில் ஔலு போனார்கள். ஸ்டூடியோ சினிக்கா என்கிற ஐம்பது வயதுப் பெண்ணுடையது. குட்டை முடி, மெல்லிய குரல். தார்மோ வாசிக்க ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் அவள் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து எழுந்து வந்தாள்.

"வாசிப்பு பிரமாதம்," என்றாள். "இந்தச் சத்தத்துலதான் கொஞ்சம் முள்ளு இருக்கு. என்கிட்ட வேற கிட்டார் நாலஞ்சு இருக்கு. ஒண்ணை முயற்சி பண்ணிப் பாக்கலாமா?"

"வேணாங்க. இதுக்காக ஒரு வருஷம் அலைஞ்சிருக்கேன்."

"மேல்சத்தத்தையாவது பாதியாக் குறைச்சுப் பாக்கலாமே?"

"குறைச்சா நான் இங்க எதுக்கு?"

சினிக்கா அஸ்கோவைப் பார்த்தாள். அஸ்கோ தரையைப் பார்த்தான். அவள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் திரும்பிப் போனாள். ஐந்து நாளில் எட்டுப் பாட்டுக்கும் தார்மோ தன் பங்கை முடித்தான். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவன் வாசித்ததில்லை. விரல்கள் சொன்னபடி கேட்டன.

ஆறாம் நாள் காலை ஜன்னலைத் திறந்தால் ஊரே வெள்ளையாகக் கிடந்தது. அந்த வருடம் முதல் பனி இரண்டு வாரம் முந்திக்கொண்டது. தார்மோ வேலை செய்வது டயர் கடையில். முதல் பனி விழுந்த அன்று கெமியில் உள்ள அத்தனை காரும் குளிர்கால டயர் மாற்ற அந்தக் கடை வாசலில் வந்து நிற்கும். முதலாளி போனில் அழாத குறை. தன் வேலை முடிந்துவிட்டதே என்று தார்மோ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"மிச்சத்தை நீங்க பாத்துக்கோங்கடா. என் சத்தத்துல மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டு ரயிலேறினான்.

மார்ச் மாதம் ஆல்பம் வந்தது. நால்வரும் பதுங்கறையில் கூடி, சுட்ட சாசேஜும் பீருமாக உட்கார்ந்து கேட்டார்கள். முதல் பாட்டில் இரண்டு கிட்டாரும் சேர்ந்து இறங்கியபோது தார்மோ எழுந்து நின்றுவிட்டான். கண் கலங்கியது.

"கேட்டீங்களாடா? கேட்டீங்களா? பன்னி கத்துதுன்னீங்களே! இதுதாண்டா நான் சொன்னது. அந்தப் பிக்கப் மட்டும் இல்லேன்னா இது வந்திருக்குமா?"

பெர்த்து ஒரே மூச்சில் பீரைக் குடித்துவிட்டு அடுத்ததைத் திறந்தான். ரைனே புகைக்க வெளியே போனான்.

"நல்லா வந்திருக்கு மச்சான்," என்றான் அஸ்கோ. அவன் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

பத்திரிகைக்காரர்கள் பாராட்டினார்கள். அதிலும் கிட்டார் சத்தத்தைத் தனியாகச் சொல்லிப் பாராட்டினார்கள். ஹெல்சிங்கியிலிருந்து ஒருவர் பேட்டி கேட்டார். போனில் சரியாகக் கேட்காது என்று தார்மோ கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லி, பிக்கப்பைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் பதில் எழுதினான். அந்த இரண்டு மாதமும் அவன் நடையே மாறியிருந்தது. கடையில் டயரைக் கழற்றும்போதுகூட ஆல்பத்தை முணுமுணுத்தான். மெர்விகூட அவனை நீண்ட நாள் கழித்து ஆசையாகப் பார்த்தாள்.

ஏப்ரலில் கோடை டயர் மாற்ற வந்த ஓர் ஆள், பின்சீட்டிலிருந்து கிட்டார் பெட்டியை எடுத்தார். பக்கத்து ஊர்க்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பேட்டியைப் படித்துவிட்டு அதே பிக்கப்பை வாங்கிப் போட்டாராம்.

"நீங்க எழுதினபடியேதான் எல்லாம் பண்ணினேன்," என்றார். "மெழுகுகூட ஊத்தினேன். ஆனா உங்க ஆல்பத்துல வர்ற அந்த ஆழம் வரவே மாட்டேங்குது. ஒரே கிரீச்சு. என் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போறேங்கறா."

தார்மோ சிரித்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த தன் சின்ன ஆம்பில் அதைச் சொருகி வாசித்துக் காட்டினான். அவனுக்கு அது ஆல்பத்தில் இருந்ததைப் போலவேதான் கேட்டது.

"இதுதானே அது? நல்லாத்தானே இருக்கு?"

கணக்கு வாத்தியார் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு, "ஆமா ஆமா, எனக்குத்தான் வாசிக்கத் தெரியல போல," என்று சொல்லி அவசரமாகப் பெட்டியை மூடிக்கொண்டார். அந்தப் பார்வை தார்மோவுக்கு என்னவோ செய்தது. கொஞ்ச நேரத்தில் மறந்துபோனான்.

மே முதல் வாரம் அஸ்கோவின் பிறந்தநாள். கடற்கரையில் இருந்த அவன் குடிலுக்குத் தார்மோ மட்டும் போனான். மெர்விக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை. பரிசாக ஒரு சின்னப் பெட்டி எடுத்துப் போயிருந்தான். அதே பிக்கப், அஸ்கோவின் கிட்டாருக்கு. ஜூன் மாதம் கெமியில் ஆல்ப வெளியீட்டுக் கச்சேரி. இரண்டு கிட்டாரும் ஒரே குரலில் உறுமவேண்டும் என்பது அவன் ஆசை.

இருவரும் சவுனா என்கிற ஆவிக்குளியல் அறையில் வெந்துகொண்டிருந்தார்கள். தார்மோ கணக்கு வாத்தியார் கதையை நகைச்சுவையாகச் சொன்னான். அஸ்கோ சிரிக்கவில்லை.

"கச்சேரிக்கு முன்னாடி உன் கிட்டாரைக் குடு. நானே மாட்டித் தர்றேன்," என்றான் தார்மோ. "ஆல்பத்துல வந்த சத்தம் அப்படியே வரும்."

அஸ்கோ அகப்பையில் தண்ணீர் மொண்டு அடுப்புக் கற்களின்மேல் ஊற்றினான். ஆவி எழுந்து முதுகைச் சுட்டது.

"மச்சான், இப்ப என்ன சத்தம் கேட்டுது?"

"என்ன சத்தம்?"

"கல்லு மேல தண்ணி ஊத்தினேனே. சத்தம் கேட்டுதா?"

தார்மோ அடுப்பைப் பார்த்தான். அஸ்கோ இன்னொரு அகப்பை ஊற்றினான். தண்ணீர் கற்களின்மேல் துள்ளிக் குதித்து மறைவது தெரிந்தது. சூடு வந்தது. வேறெதுவும் வரவில்லை. பிறந்ததிலிருந்து வாரம் தவறாமல் கேட்ட சத்தம் அது. அது எப்போது நின்றுபோனது என்று அவனால் சொல்லமுடியவில்லை.

"என்ன சொல்ல வர்றே நீ?"

"ஆல்பத்துல நீ இல்ல மச்சான்."

"என்ன?"

அஸ்கோ அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து சத்தமாகச் சொன்னான். "ஆல்பத்துல இருக்கிற ரெண்டு கிட்டாரும் நான் வாசிச்சது. நீ பனிக்குக் கிளம்பிப் போனியே, மிச்சமிருந்த நாலு நாள்ல உன்னோட எட்டுப் பாட்டையும் நான் திரும்ப வாசிச்சேன். அந்தப் பழைய பிக்கப்புல. நீ செத்துப்போச்சுன்னியே, அதுல. கம்பெனிக்காரன் முதல் பாட்டைக் கேட்டுட்டு, இந்தக் கிட்டாரோட இதைப் போடமுடியாதுன்னுட்டான். சினிக்கா என்னென்னவோ பண்ணிப் பாத்தா. முள்ளை எடுத்தா சதையும் சேந்து வருதுன்னா. உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் வரல."

தார்மோ பலகையிலிருந்து இறங்கினான். பிறகு, "பொய்," என்றான்.

"நீ கண்டுபிடிச்சுடுவேன்னு நினைச்சோம். முதல் பாட்டு முடியறதுக்குள்ள எழுந்து எங்களை அடிப்பேன்னு நினைச்சோம். நீ எழுந்து அழுதே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

தார்மோ ஈர உடம்போடு வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டான். பரிசுப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் காரை எடுத்தான்.

இரவெல்லாம் அஸ்கோ பொய் சொல்கிறான் என்றே நினைத்தான். புகழ் முழுதும் தனக்கு வந்ததில் அவனுக்கு வயிற்றெரிச்சல். மறுநாள் வேலைக்குப் போகாமல் நேராக ஔலு போய் சினிக்காவின் கதவைத் தட்டினான். அவனைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு சொன்னா?"

"அஸ்கோ. நீங்க இல்லேன்னு சொல்லுங்க, போயிடறேன்."

அவள் அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். அவன் தொடவில்லை.

"ரெண்டும் உங்ககிட்ட இருக்கும்ல? போட்டுக் காட்டுங்க. எது எதுன்னு சொல்லாதீங்க. என் கை எனக்குத் தெரியாதா?"

"வேணாம் தார்மோ."

"போடுங்க."

அவள் திரையை அவனுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டு, மூன்றாவது பாட்டின் துவக்கத்தை இரண்டு முறை போட்டாள். தார்மோ கண்ணை மூடிக் கேட்டான். திரும்பப் போடச் சொன்னான். மூன்றாம் முறையும் போடச் சொன்னான். இரண்டிலும் கை ஒன்றுபோலவே விழுந்தது. இருபத்து மூன்று வருடம் பக்கத்தில் நின்று வாசித்தவன் அப்படித்தான் வாசிப்பான். ஆனால் ஒன்றில் உறுமல் இன்னும் உருண்டு, நெஞ்சுக்கு நெருக்கமாக வந்தது. இன்னொன்று கொஞ்சம் ஒல்லி.

"ரெண்டாவது," என்றான். "ரெண்டாவதுதான் நான். சத்தியம் பண்ணுவேன்."

சினிக்கா திரையை அவன் பக்கம் திருப்பினாள். இரண்டாவதற்கு எதிரே அஸ்கோவின் பெயர் இருந்தது.

வீட்டுக்கு வந்து மெர்வியிடம் எல்லாம் சொன்னான். அவள் முதலில் தம்பியைத் திட்டினாள். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டு, அடுக்களையே அதிரும்படி கத்தினாள். பிறகு போனை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துத் தார்மோவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை வருஷமா நான் உன் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு பேசறேன்னு கவனிச்சியா?" என்றாள். "டாக்டரைப் பாருன்னு எத்தனை தடவை சொன்னேன்? நான் முணுமுணுக்கறேன்னு சொன்னே. டிவிக்காரன் முணுமுணுக்கறான்னு சொன்னே. ஊரே முணுமுணுக்குதுன்னு சொன்னே."

டாக்டரைப் பார்க்க நாள் குறித்ததும் அவள்தான்.

காது பரிசோதனை செய்யும் அறை குளிர்சாதனப் பெட்டிபோல இருந்தது. தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அழுத்தினான். பிறகு எதுவும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டதாக நினைத்துக் கண்ணாடி வழியே பார்த்தால், பரிசோதிக்கிற பெண் இன்னும் ஏதோ திருகிக்கொண்டேதான் இருந்தாள். டாக்டர் காட்டிய தாளில் கோடு பாதிவரை ஒழுங்காக வந்து, பிறகு குன்றிலிருந்து உருட்டிவிட்டதுபோலக் கீழே விழுந்தது.

"டயர் கடையில நட்டைக் கழட்டக் காத்தடிச்சுச் சுத்தற அந்தத் துப்பாக்கி, எத்தனை வருஷமா?" என்று கேட்டார் டாக்டர்.

"இருபது."

"காதுல பஞ்சு?"

"பாட்டுல வைப்போம். கடையில வெச்சா முதலாளி கூப்பிடறது கேக்காது."

இது திரும்ப வராது என்றார் டாக்டர். காதில் கருவி மாட்டினால் பேச்சு தெளிவாகும். சங்கீதத்துக்கு உத்தரவாதம் இல்லை. இனியும் ஆம்ப் முன்னால் நின்றால் இருப்பதும் போகும்.

கருவி வந்தது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, சொந்தக் காலடிச் சத்தமே அவனைத் திடுக்கிட வைத்தது. பறவைகள் இருந்தன. மெர்வியின் குரல் அவன் நினைத்து வைத்திருந்ததைவிட முதிர்ந்திருந்தது. காருக்குள் உட்கார்ந்து, சினிக்காவிடம் வாங்கி வந்திருந்த தன் பதிவைப் போட்டான். ஒரு வருடம் அலைந்து, நண்பர்களோடு சண்டையிட்டு, தேர்ந்தெடுத்துச் செதுக்கிய சத்தம். இரும்புத் தகட்டை ஆணியால் கீறியதுபோல வந்து விழுந்தது. ஒரு நிமிடம்கூடத் தாங்கமுடியவில்லை. பதிவைப் பிடுங்கித் தூர வைத்தான். பிறகு ஆல்பத்தைப் போட்டான். கருவி வழியாக அதுவும் தகர டப்பாவாகத்தான் கேட்டது. கருவியைக் கழற்றினால் அதே கம்பளி. எது நிஜம் என்று சொல்ல இனி அவனிடம் காது கிடையாது என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதான்.

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் ஒருமுறை முயன்று பார்த்தான். அஸ்கோ தேர்ந்தெடுத்த பிக்கப்பை, அஸ்கோவே மாட்டிக் கொடுத்தான். காதில் பஞ்சு, ஆம்ப் பாதிச் சத்தம். இரண்டு பாட்டு வாசித்தார்கள். கம்பியில் தன் கை படுகிற அந்தச் சின்னச் சொடுக்கு அவனுக்குக் கேட்கவில்லை. அது இல்லாமல் எங்கே ஆரம்பிக்கிறோம் என்பதே பிடிபடவில்லை. இரண்டு தடவை தாளத்தைத் தவறவிட்டான். சுருதி இறங்கியிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. பெர்த்து கிண்டல் செய்யவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

"திட்டுடா," என்றான் தார்மோ. "பன்னின்னு சொல்லு."

பெர்த்து குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்தான்.

தார்மோ கிட்டாரைக் கழற்றினான். "ரோவனியெமியில ஒருத்தன் நல்லா வாசிக்கறான்னியே, அவனைக் கூப்பிடு," என்று அஸ்கோவிடம் சொன்னான். முதன்முறையாக ரைனே வாயைத் திறந்து, "நீ இல்லாம வேணாம், கச்சேரியை ரத்து பண்ணிடலாம்," என்றான். தார்மோவுக்கு அது கேட்கவில்லை. அஸ்கோவிடம் கேட்டு மெர்வி பிறகு சொல்லித்தான் தெரிந்தது.

கச்சேரி நடந்தது. விளையாட்டரங்கம் நிரம்பிவிட்டது. தார்மோ கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றான். தரை வழியாகப் பெர்த்துவின் அடி காலில் ஏறியது. ரோவனியெமிக்காரன் அவன் இடத்தில் நின்று, அவன் பங்கை அஸ்கோவோடு சேர்ந்து வாசித்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையைச் சுழற்றினார்கள். தெரிந்தவர்கள் சிலர் வந்து அவன் தோளைத் தட்டி ஏதோ சொன்னார்கள். அவர்கள் வாய் அசைவிலிருந்து பாராட்டு என்று ஊகித்து, நன்றி சொன்னான். மூன்றாவது பாட்டு ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டான்.

மறுநாள் மதியம் அஸ்கோ வீட்டுக்கு வந்தான். தார்மோதான் கதவைத் திறந்தான். கருவி உள்ளே அலமாரியில் இருந்தது. அஸ்கோ வாசற்படியிலேயே நின்று பேச ஆரம்பித்தான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே நெடுநேரம் பேசினான். அவன் தாடி உதட்டை மறைத்திருந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைசியில் ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்து நின்றான்.

திரும்பச் சொல் என்று தார்மோ கேட்கவில்லை. "சரி," என்றான்.

அஸ்கோவின் முகம் ஒரு கணம் மாறியது. என்ன மாற்றம் என்று தெரியவில்லை. தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

மெர்வி உள்ளேயிருந்து வந்து அவனுக்கு எதிரே நின்றாள். "என்ன சொன்னான் என் தம்பி?"

"தெரியல," என்றான் தார்மோ.